பங்குனியில் துடைத்த வீடு

முதலில் ஒரு விடுகதை. திறந்து வைத்தால் மஞ்சளாகும். மூடி வைத்தால் கறுப்பாகும். அது என்ன?

வாழைப்பழம் இல்லை. சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வீடு. பங்குனி மாதத்தில் காலைக் காற்று தோப்புப் பக்கமிருந்து வரும். சவுக்குப் பூவின் மகரந்தத்தை அள்ளிவந்து மேசை, பாய், தண்ணீர்க் குடம் என்று எல்லாவற்றின் மேலும் மஞ்சளாகத் தூவிவிட்டுப் போகும். மத்தியானம் காற்று கடலிலிருந்து திரும்பும். அது ஈரத்தைக் கொண்டுவரும். இரண்டுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்தால், சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

அப்படி ஒரு வீட்டில்தான் கோமதிநாயகம் தனியாக இருந்தார். கரையோர மடத்துத் துறவி உலகம்மை அவருடைய குரு. வயதில் அவரைவிட மிகவும் இளையவர். "நரைச்ச தலை போயி நண்டு பிடிக்கிற வயசுக்காரி கால்ல விழுது" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். நாயகம் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

அந்தப் பங்குனியில் அவர் மகள் சிவகாமி, தன் பெண் அமுதினியை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். போன பங்குனிக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். போன முறை வந்தபோது அமுதினிக்கு மூச்சிழுப்பு கண்டு, ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு மருந்துப் புகை வைத்தார்கள். அதற்கப்புறம் சிவகாமி அந்தப் பக்கமே வரவில்லை.

நாயகம் வீட்டைத் துடைத்தார். ஒட்டடை அடித்தார். பாய்களை உதறினார். தரையைச் சோப்பு போட்டுக் கழுவினார். சுவருக்கு வெள்ளையடித்தார். மகரந்தம் வராமல் இருக்க ஜன்னல் இடுக்குகளில் துணியைச் சுருட்டி வைத்தார். ஆனாலும் வீட்டுக்குள் ஒரு வாடை இருந்துகொண்டே இருந்தது.

அவர்கள் வருகிற அன்று காலையில், குருவைப் போய் அழைத்துவந்தார்.

உலகம்மை வாசலில் நின்று பார்த்தார். "கல்யாண வீடு கணக்கா மினுங்குதே நாயகம். மாப்பிள்ளை யாரு, நீங்களா?"

நாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "எவ்வளவு துடைச்சாலும் வாடை போக மாட்டேங்குதும்மா. என்ன செய்யணும்?"

குரு உள்ளே போனார். குழந்தை படுப்பதற்காக விரித்திருந்த பாயில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். பிறகு எழுந்து, பாய்க்குப் பக்கத்தில் சுவரோரம் இருந்த மர அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

"அது ரொம்பக் கனம்மா."

"இங்க தள்ளி வைக்கும்போது தனியாத்தானே நகர்த்தினீங்க?"

நாயகம் மறுபக்கத்தைப் பிடித்தார். அலமாரி கிறீச்சிட்டு நகர்ந்தது. அதன் பின்னால் வெள்ளையடிக்கவே இல்லை. இடுப்பு உயரத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. நாயகம் தரையைப் பார்த்தார்.

"இது எப்போலேருந்து?"

"போன பங்குனிக்கும் முந்தி."

"குழந்தை இங்கதானே படுத்தா?"

"ஆமா."

"இழுப்பு வந்தப்போ டாக்டர் கேட்டிருப்பாரே?"

"கேட்டாரு. திருவிழாவுல இவ குல்ஃபி வாங்கிக் குடுத்தா, அதான்னு சொன்னேன். கண்டதையும் வாங்கிக் குடுத்தா இப்படித்தான்னு மகளைத் திட்டினேன். அவ மாமியாரும் அங்க நின்னாங்க."

"சிவகாமி என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அழுதா."

குரு ஜன்னலடிக்குப் போய், இடுக்கிலிருந்த துணியை உருவினார். "தோப்புக் காத்து அடங்கி, கடல் காத்து எழும்புறதுக்குள்ள கொஞ்ச நேரம் ரெண்டும் இருக்காது. இந்த ஊர்ல அப்போதான் ஜன்னலைத் திறப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். திறந்தா வெளிச்சம் வரும். அலமாரி இடுக்குல சுவர் தெரியும். யாராவது பார்த்துட்டா என்ன நினைப்பாங்கன்னு..."

வெளியே சவுக்கு மரங்கள் அசையாமல் நின்றன. குரு ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

நாயகம் மெதுவாகக் கேட்டார். "சுவரை அப்புறமா சுரண்டிடறேன். இப்போதைக்கு அலமாரியைத் திரும்பத் தள்ளிடட்டுமா? இதைப் பார்த்தா அவ தங்க மாட்டாம்மா."

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வீடு உங்களோடது நாயகம். அலமாரியும் உங்களோடது. மூச்சு மட்டும் அந்தப் பிள்ளையோடது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாயகம் அலமாரியின் மேல் கையை வைத்தபடி நின்றார். ஒரு தள்ளு தள்ளினால் போதும். தெருமுனையில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கையை எடுத்தார்.

சிவகாமி உள்ளே வந்தாள். நாயகம் "வாம்மா" என்று சொல்லவில்லை. "இங்க வா" என்று நேராக அந்தச் சுவரிடம் அழைத்துப் போனார்.

"குல்ஃபி இல்லம்மா. இதுதான். எனக்கு அப்பவே தெரியும்."

சிவகாமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பையை வைக்கவே இல்லை.

"வருஷம் பூரா என் மாமியார் சொல்லிக் காட்டினாங்கப்பா. 'பெத்த அப்பனே சொன்னாரே'ன்னு. நானும் என்னாலதான்னு நம்பிட்டேன்."

நாயகம் பையை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

அமுதினி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "தாத்தா, உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துதுடா."

"இப்போ இல்லையா?"

"இப்போதான் ரொம்ப இருக்கு."

சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையிடம் குனிந்தாள். "மூச்சு விட முடியாமக் கஷ்டப்பட்டது நீதான். நீயே சொல்லு. இங்க இருக்கலாமா, போயிடலாமா?"

அமுதினி சுவரைப் பார்த்தாள். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம், ராத்திரி படுக்க வேண்டாம் என்று சொன்னாள். அப்படியே சாயங்காலம் வரை இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போனார்கள்.