மேலே வரும்போது எவ்வளவு மிஞ்சும்?

கோத்தகிரியில் எங்கள் தொழிற்சங்க அறையில் ஞாயிறுதோறும் வகுப்பு நடந்தது. வகுப்பெடுத்தவர் புனிதமலர். முப்பத்து நான்கு வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது எடை மோசடியைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதினார். அதில் இருந்த ஒரு வரியைக்கூட நிர்வாகம் மறுக்கவில்லை. எழுதியவரை மட்டும் வெளியே அனுப்பியது.

மாணவர்களில் மூத்தவர் மாசிலாமணி. ஐம்பத்தேழு வயது. டாக்சி ஸ்டாண்டில் முப்பது வருடம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மூன்று சிறுநீரக நோயாளிகளைக் கோயம்புத்தூருக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அவருடைய டீசல் கார் அடுத்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறது.

ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"தோழர், மின்சாரக் கார் வாங்கலாம்னு இருக்கேன். யாரு சொல்றத நம்பறது?"

இதுவரை கேட்டதையெல்லாம் கொட்டினார். ஷோரூம் புத்தகத்தில் ஒரு சார்ஜுக்கு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. செல்போன் வீடியோவில் பேசுகிறவர் போன வாரம் ஒரு காரை நாட்டிலேயே சிறந்தது என்றார். இந்த வாரம் இன்னொன்றை அப்படியே சொல்கிறார். மழையில் தீப்பிடிக்கும் என்கிறான் மச்சான். மெக்கானிக் உதட்டைப் பிதுக்குகிறார்.

"நடு வளைவுல நின்னுட்டா மூணு பேரு கதி என்ன தோழர்? திரும்பி வர்றப்ப அவங்களால தலையக்கூடத் தூக்க முடியாது."

புனிதமலர் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். தெரிய வேண்டியதை எழுதச் சொன்னார்.

எந்தக் கார் நல்லது, என்று எழுதினார் மாசிலாமணி.

"இதுக்கு எல்லாரும் பதில் சொல்லுவாங்கண்ணே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார் புனிதமலர்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும், என்று எழுதினார்.

"எந்த ரோட்டுல?"

மாசிலாமணி தாளை மறுபக்கம் திருப்பினார். பிறகு எழுதினார். எழுத எழுத அவருக்கு வேகம் வந்தது. காலையில் கோத்தகிரியில் கிளம்பிக் கோயம்புத்தூர் போய்த் திரும்புகிற வண்டி. மாலை நான்கு மணி. மழை. டிரைவரோடு நான்கு பேர். ஏசி ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி முடிக்கும்போது பேட்டரியில் எவ்வளவு மிஞ்சும்?

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. சமவெளியில் ஓடி முடித்துக் களைத்துப்போன வண்டிதான் கடைசியில் மலையேற வேண்டும்.

புனிதமலர் படித்துவிட்டுத் தலையசைத்தார். "பதில் சொல்றவர இதுக்குக் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

சங்கத்தில் அது பழைய வழக்கம். மனு கொடுக்கப் போனவர் நகலில் கையெழுத்து வாங்காமல் திரும்பினால், அவர் போகவே இல்லை என்றுதான் கணக்கு. வாயால் தந்த வாக்குறுதிகளை வைத்துக் கட்டிடம் கட்ட முடியுமானால், இந்த மலையில் எங்களுக்கு ஒரு மாளிகை இருந்திருக்கும்.

மாசிலாமணி தாளோடு புறப்பட்டார்.

ஷோரூம் மேலாளர் நிரஞ்சன் தேநீர் வாங்கித் தந்தார், அரை மணி நேரம் பேசினார். பேனாவை நீட்டியதும் அவருக்கு ஒரு போன் வந்தது. செல்போன் வீடியோக்காரருக்குக் கேள்வியை அனுப்பினார். மூன்றாம் நாள் ஒரு தள்ளுபடி அறிவிப்பு பதிலாக வந்தது. தீப்பிடித்த கார் எங்கே என்று மச்சானிடம் கேட்டார். வாட்ஸ்அப்பில் என்றான். கையெழுத்து கேட்டதும், குடும்பத்துக்குள்ள எதுக்கு இதெல்லாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டான். மெக்கானிக் மட்டும் பேனாவை வாங்கி, எனக்குத் தெரியாது, இன்னும் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாசிலாமணிக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

பிறகு ஆரோக்கியநாதன் கிடைத்தார். குன்னூர்க்காரர், நம் சங்கத்து ஆள், மறியலில் அடிபட்டவர். ஒரு தங்கும் விடுதிக்கு மின்சாரக் கார் ஓட்டுகிறார். ஷோரூமில் காட்டிய அதே சின்னக் கார். தினமும் காலையில் விருந்தினர்களைக் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவார். தாளில் தெளிவாக எழுதினார்: மேலே வந்து சேரும்போது இருபத்தொரு சதவீதம் மிஞ்சும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றையும் சேர்த்தார். மலைமேல் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதே, இறக்கத்தில் வண்டி தானே சேர்க்கிற கரண்ட்டுக்கு இடம் இருக்காது, வண்டி தானாக இழுத்துப் பிடிக்காது, பாரம் முழுக்க உன் கால் பிரேக்கில் விழும், தொண்ணூறோடு நிறுத்து.

அடுத்த ஞாயிறு மாசிலாமணி வெற்றி மாலை வாங்கியவர்போல வந்தார். புனிதமலர் இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்காரு. திரும்பி வர்றப்ப யார ஏத்திக்கிட்டு வருவாரு?"

காலை விமானத்துக்கு விருந்தினரை இறக்கிவிட்ட வண்டி காலியாகத்தான் மேலே வரும். முப்பது வருடம் அதே ரோட்டில் ஓட்டியவருக்கு அது தெரியாதா?

"நம்ம ஆளு எழுதினதுன்னு கேக்காம விட்டுட்டேன் தோழர்."

"தெரியும்ணே. நாம தோத்த போராட்டத்துலயெல்லாம் இப்படித்தான் தோத்தோம்" என்றார் புனிதமலர். தாளை மடிக்காமல் அவரிடமே கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மாசிலாமணி கோயம்புத்தூர் ஷோரூமுக்குத் தனியாகப் போகவில்லை. ஸ்டாண்டில் உள்ள மற்ற பதினோரு டிரைவர்களும் கூடப் போனார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நிரஞ்சன் சாவியை எடுத்தார். அவினாசி ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போய் வரலாம் என்றார். கோத்தகிரியிலிருந்து வந்து போகிற தூரம் முழுக்க, நான்கு பேரோடு, என்றார் மாசிலாமணி. கம்பெனி விதியில் அது இல்லை என்றார் நிரஞ்சன். எங்கள் விதியில் இருக்கிறது என்று யாரும் குரலை உயர்த்தவில்லை. வரும் இரண்டு வருடத்தில் பதினோரு பேரும் கார் மாற்ற வேண்டியவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். உட்காரும் கலை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது.

புதன்கிழமை டீசல் கார் வழக்கம்போல நோயாளிகளைக் கூட்டிப்போனது. வியாழக்கிழமை சின்ன மின்சாரக் கார் அதே நேரத்துக்குக் கோத்தகிரியில் கிளம்பியது. மாசிலாமணி ஓட்டினார். பக்கத்தில் நிரஞ்சன். பின்னால் ஸ்டாண்டிலேயே கனத்த இரண்டு டிரைவர்கள், பெரியவர் டேவிட்டும் அலிபாயும். மாலை நான்கு மணிக்கு மேட்டுப்பாளையம் தாண்டியபோது மழை பிடித்தது. மலைப்பாதையில் குஞ்சப்பனை வரைக்கும் நிரஞ்சன் காரின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குமேல் அவர் கண் பேட்டரி அளவு காட்டும் திரையைவிட்டு நகரவில்லை. பதினெட்டு. பதினான்கு. பதினொன்று.

"சார், ஏசிய மட்டும் கொஞ்சம் அணைச்சுக்கலாமா?"

பின்னாலிருந்து அலிபாய் நிதானமாகச் சொன்னார்: "நாங்க டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்க தம்பி. எங்களுக்கு வேர்க்கக் கூடாது."

கோத்தகிரி வந்தபோது ஏழு சதவீதம். எண் சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி தாளை நீட்டினார். நிரஞ்சன் பேனாவை வாங்கினார். பிறகு, ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பெரிய பேட்டரி வைத்த காரை அவரே கொண்டுவந்தார். அதே ரோடு, அதே பாரம், இன்னும் பலமான மழை. முப்பத்தாறு மிஞ்சியது. இந்த முறை அவர் யாரும் கேட்காமலே பேனாவை எடுத்தார். ஸ்டாண்டில் காத்திருந்த ஒன்பது பேரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். வேலைக்குச் சேர்ந்த பிறகு தான் விற்கிற காரைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏதோ தெரிந்துகொண்டதாக அலிபாயிடம் சொன்னாராம்.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை. புதுக் கார் மூன்று நோயாளிகளோடு மாலை மலையேறியது. வழக்கமாக ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ராக்கம்மா அன்று தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பியதும், மேட்டுப்பாளையம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க மாசிலாமணி நிமிர்ந்தே நடந்தார். குன்னூர் ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர், ஊட்டியிலிருந்து ஒருவர், தொட்டபெட்டா பக்கத்துப் பள்ளி வேன்காரர் என்று அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். யார் சொல்வதை நம்புவது என்றே எல்லோரும் கேட்டார்கள்.

ஞாயிறு வகுப்பில் அந்தத் தாளைப் புனிதமலரின் முன்னால் வைத்தார். கேள்வி, மெக்கானிக்கின் கையெழுத்து, ஆரோக்கியநாதனின் இருபத்தொன்று, நிரஞ்சனின் ஏழு, முப்பத்தாறு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன.

"இத நோட்டீஸா அடிச்சு எல்லா ஸ்டாண்டுக்கும் கொடுக்கலாம்னு இருக்கேன் தோழர். கீழே என் பேரப் போட்டு."

"கொடுங்கண்ணே. பேரும் போடுங்க. கீழ அரைப் பக்கம் மட்டும் காலியா விடுங்க."

"காலியா எதுக்கு?"

"நீங்க எழுதினது தப்புன்னு எழுதி, ஒருத்தர் கையெழுத்துப் போட வருவாரு. அவருக்கு இடம் வேணுமில்ல?"