பதினான்கு பை வைத்த கோட்டு

"மாஸ்டர், கோட்டுல இன்னும் ரெண்டு பை தைக்கணும்" என்றான் மாசிலாமணி.

எஸ்தர் மைதானத்துப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு ட்ரோனின் இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இப்ப எத்தனை இருக்குண்ணே?"

"பதினாலு."

"எல்லாம் நிறைஞ்சிருச்சா?"

"நிறைஞ்சிருச்சு. அதான் வந்தேன்."

அவனுக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவன்தான் சீடன், அவள்தான் குரு. மாசிலாமணி இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து கேமரா நின்றுவிடுமோ என்று இருபது வருஷமும் பயந்துகொண்டே எடுத்தவன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பயமும் போகவில்லை. அந்தப் பயத்தைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் எஸ்தரிடம் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தான்.

இப்போது ஆனைமலைத் தொடரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை.

விடிந்ததும் கொழுந்து எடுக்கும் பெண்கள், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பார்கள். அன்றைக்கு எந்தச் சரிவில் வேலையோ அதன்மேல் மாசிலாமணி ட்ரோனைப் பறக்கவிட்டு, புதர்களுக்கு நடுவே யானை நிற்கிறதா என்று பார்ப்பான். இல்லையென்றால் வாக்கி டாக்கியில் "வரலாம்" என்பான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி நாற்பது பெண்கள் செடிகளுக்குள் இறங்குவார்கள்.

பயப்படாதவனையே பயப்பட வைக்கிற வேலை. மாசிலாமணியைக் கேட்கவே வேண்டாம்.

கோட்டு அப்படித்தான் வளர்ந்தது. ஆரம்பத்தில் நான்கு பைகள். பிறகு ஆறு. பிறகு பஜார் டெய்லர் இவனைக் கண்டாலே அளவு நாடாவை எடுக்க ஆரம்பித்தார். பேட்டரிகள், மாற்று இறக்கைகள், திருப்புளி, மெமரி கார்டு, வயர், டேப், லென்ஸ் துடைக்கிற துணி, காயத்துக்கு மருந்து, அட்டை கடித்தால் போட உப்புப் பொட்டலம். பைகளை நிரப்பிக்கொண்டு அவன் ஏற்றத்தில் வருவதைப் பார்த்துப் பெண்கள், பலசரக்குக் கடை நடந்து வருகிறது என்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்ப்பான்.

ஒரு மாதமாக யாரும் சிரிப்பதில்லை.

போன மாதம் பதினேழாம் நம்பர் சரிவில், "வரலாம்" என்று அவன் சொன்ன கால் மணி நேரத்தில், கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கொம்பன் எழுந்து வந்தது. பெண்கள் சிதறி ஓடினார்கள். பூவாத்தா மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. யானை அவளுக்கு நாலு முழம் தள்ளி நின்றது. என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது.

அவன் பார்த்து முடித்த பிறகு யானை காட்டிலிருந்து இறங்கியிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். யானைக்கு யார் நேரம் குறிக்க முடியும்? மாசிலாமணி எஸ்தரிடமும் ஒரு காரணம் சொல்லியிருந்தான். இரண்டாம் தடவையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்று இறக்கினேன், பேட்டரி மாறிப்போய்விட்டது, மறுபடி ஏற்ற முடியவில்லை என்று.

பேட்டரி மாறியது நிஜம்தான்.

எஸ்தரிடம் படிக்கிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ட்ரோன் இல்லை, பை. நிறைந்த பேட்டரி வலது மார்புப் பைக்குள், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். மலைக் குளிரில் வெளியே வைத்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இடது மார்புப் பையில் ஒன்றும் வைக்கக் கூடாது. அது தீர்ந்துபோன பேட்டரிக்கு. ட்ரோனிலிருந்து கழற்றியதும் அது இடதுபுறம் போக வேண்டும், வலதுபுறத்திலிருந்து புதிது வர வேண்டும். எவ்வளவு அவசரத்திலும் கை தானாகச் செய்ய வேண்டும்.

மாசிலாமணி இடது பை சும்மா கிடப்பதைப் பொறுக்க மாட்டாமல் அதில் பவர் பேங்கைத் திணித்திருந்தான். அன்றைக்குக் கழற்றிய பேட்டரிக்கு இடமில்லை. அவசரத்தில் வலதுபுறமே போட்டான். அடுத்த நொடி அதையே எடுத்து மாட்டினான். ட்ரோன் ஓர் ஆள் உயரம் எழும்பிச் செடிமேல் உட்கார்ந்துகொண்டது.

"அதான் மாஸ்டர், தீர்ந்ததுக்குத் தனியா ரெண்டு பை வெளிப்பக்கம் தைச்சுட்டா இனிமே மாறாது" என்றான்.

எஸ்தர் திருப்புளியைக் கீழே வைத்தாள். ட்ரோன் இறக்குகிற நீல விரிப்பை எடுத்து உதறி அவன் முன்னால் விரித்தாள்.

"பூவாத்தாக்கா கால் முறியாம இருந்திருக்கணும்னா, அன்னைக்கு உங்ககிட்ட என்ன இருந்திருக்கணும்? அதை மட்டும் எடுத்து இதுல வைங்கண்ணே."

சுலபமான கேள்வியாகத்தான் பட்டது. மாசிலாமணி ஒரு பேட்டரியை எடுத்து வைத்தான்.

"இது அன்னைக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு. கைக்கு வரல, அவ்வளவுதான்."

"அப்ப இது இல்ல."

இறக்கைகளை வைத்தான். அன்றைக்கு இறக்கை உடைந்ததா என்று கேட்டாள். இல்லை. திருப்புளி. அன்றைக்கு எதுவும் கழன்றதா? இல்லை. மெமரி கார்டு, வயர், டேப் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. உப்புப் பொட்டலம் வந்தபோது அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

எட்டாவது பையிலிருந்து ஒரு விசில் வந்தது.

"இது அன்னைக்கு இல்ல மாஸ்டர். போன வாரம்தான் வாங்கினேன்."

"இருந்திருந்தா?"

"ஊதியிருப்பேன்."

"எப்ப?"

"யானையப் பார்த்ததும்."

"பார்த்தீங்களா?"

மாசிலாமணியின் கை ஒன்பதாவது பையின் பட்டனில் நின்றது.

"இல்ல" என்றான்.

எஸ்தர் விசிலை மற்றவற்றோடு சேர்த்து ஒதுக்கினாள். அடுத்தது என்பதுபோல விரிப்பைப் பார்த்தாள்.

மைதானத்தில் காற்று நன்றாகத்தான் வீசியது, ஆனாலும் அவனுக்குக் கழுத்தில் வேர்த்தது. அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது அவனைத் தவிர யாருக்குமே தெரியாது.

அன்றைக்கு அவன் இறக்கியது இரண்டாம் சுற்றுக்காக இல்லை. முதல் சுற்றே முடியவில்லை. கடைசி ஆறு வரிசை பாக்கி இருக்கும்போது பேட்டரி குறைவு என்று கருவி கத்தியது. இறக்கினான். மாற்றினான். எழும்பவில்லை. எது நிறைந்தது, எது தீர்ந்தது என்று பதினான்கு பைகளையும் தடவிக்கொண்டிருந்தபோது வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர், என்னய்யா ஆச்சு, நேரமாகிறது என்று கேட்டார். ஆறு வரிசைதானே. மேலே ஒரு மாதமாக யானை வந்ததே இல்லையே. பேட்டரியைத் தொலைத்துவிட்டேன் என்று இத்தனை பெண்கள் காதில் விழச் சொல்வதா?

"எல்லாம் பார்த்தாச்சு, வரலாம்" என்று சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. சொல்லி முடிக்க மூன்று நொடிகூட ஆகவில்லை.

ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது. அவன் வேகமாக எடுத்து வைத்தான், வைத்தால் கேள்வி முடிந்துவிடும் என்பதுபோல. வாக்கி டாக்கியையும் வைத்தான்.

"இது அன்னைக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது மாஸ்டர். நல்லாவே செஞ்சுது."

அவள் அதையும் ஒதுக்கினாள்.

பதினான்கு பைகளும் காலியாகிவிட்டன. விரிப்பில் இடமில்லாமல் பாதிப் பொருள்கள் புல்லில் கிடந்தன. கோட்டு அவன்மேல் பெரிய ஆளின் சட்டை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. தோள் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

எஸ்தர் எழுந்தாள். பொருள்களைத் தானே ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வலது மார்பில் பேட்டரியை அவளே வைத்துப் பட்டனைப் போட்டாள். இடது மார்பை மட்டும் காலியாக விட்டாள்.

"பை தைச்சுக்கலாம்ணே. ரெண்டு என்ன, நாலு தைக்கலாம். அதுல என்ன வைக்கப் போறீங்கன்னு தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க."

திரும்பவும் இறக்கையைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. கேள்வி எளிது, பதிலும் தெரியும், எடுத்து வைக்கத்தான் முடியவில்லை. ட்ரோனை ஏற்றும் ஒவ்வொரு காலையும் சரிவை ஒரு தடவை பார்த்தான், இரண்டு தடவை பார்த்தான், மூன்றாவது தடவையும் பார்த்தான். பெண்கள் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். "வரலாம்" என்று சொன்ன பிறகும் அவனால் மூச்சுவிட முடியவில்லை. கடைசிக் கூடை வெளியே வரும்வரை பையைத் தொட்டுக்கொண்டே நின்றான்.

நடுவில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். பூவாத்தா காலை மேலே தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனான். அவளோ அவன் இளைத்துவிட்டான் என்று வருத்தப்பட்டாள். யானை வருவது உனக்கு என்ன ஜோசியமா தெரியும், நீ பார்த்துட்டுத்தானே சொன்னே, மனசைப் போட்டு உழப்பிக்காதே என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். கிளம்பும்போது ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். வைக்கப் பையில் இடமில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தான். அவமானத்தில் உடம்பு கூசியது.

வியாழக்கிழமை காலை பத்தொன்பதாம் நம்பரில் வேலை.

ட்ரோன் பாதிச் சரிவைத் தாண்டியதும் மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. திரை வெள்ளையாகிப்போனது. உடம்புச் சூட்டைக் காட்டும் கேமராவுக்கு மாற்றினான். இந்த அடர்த்தியில் அதற்கும் கண் தெரியவில்லை. செடி எது, பாறை எது, ஒன்றும் பிரியவில்லை. இறக்கினான். பேட்டரியைக் கழற்றினான். இடது பைக்குப் போட்டான், வலது பையிலிருந்து புதிது எடுத்தான். கை பிசகவில்லை. ஏற்றினான். மறுபடியும் வெள்ளை.

எல்லாம் சரியாக இருந்தது. எல்லாப் பொருளும் அந்தந்தப் பையில் இருந்தது. ஆனாலும் மேல் பாதி தெரியவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. சூப்பர்வைசர் வேலாயுதன்.

"என்ன மாசிலாமணி, விடலாமா?"

கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஃபேக்டரியிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். இதற்குமேல் நின்றால் இன்றைக்குப் பெண்களுக்குப் பேர் விழாது, ஒரு நாள் கூலி போய்விடும். மாசிலாமணிக்கு இது எல்லாம் தெரியும். வேலாயுதன் கெட்ட மனிதரும் இல்லை.

"வரலாம்" என்ற வார்த்தை எப்போதும்போல முன்னால் வந்து நின்றது, நல்ல பழக்கமான வேலைக்காரன் மாதிரி.

பொத்தானை அழுத்தினான்.

"பாதிதாண்ணே பார்த்திருக்கேன். மேல் பாதி பார்க்கல. யாரையும் உள்ளே விடாதீங்க."

வேலாயுதன் பெருமூச்சு விடுவது கேட்டது.

"பனி என்னய்யா இன்னைக்கா புதுசா வருது? பதினேழாம் நம்பர்ல அன்னைக்கு முழுசாப் பார்த்துட்டுத்தானே சொன்னே. அது மாதிரி பார்த்துச் சொல்லு."

அந்த வாக்கி டாக்கி வேலாயுதனின் இடுப்பில் இருக்கும். சத்தம் முழுசாகக் கூட்டியிருக்கும். அதில் பேசுவது பெரட்டுக் களத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். பூவாத்தாவின் மகள் செல்லக்கிளியும் கூடையை மாட்டிக்கொண்டு அங்கேதான் நிற்பாள்.

மாசிலாமணியின் கை ஒரு பையையும் தொடவில்லை.

பொத்தானை மறுபடி அழுத்தினான்.

"அன்னைக்கும் நான் பார்க்கலண்ணே."