ஆமை வீட்டில் இல்லை

அந்தக் காலத்தில், எல்லா உயிரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டு திரிந்தபோது, ஆமையின் கழுத்து எப்போதும் வெளியேதான் நீண்டிருக்கும். உள்ளே இழுக்கலாம் என்றே அதற்குத் தெரியாது.

அல்லிக்குளத்துக்குக் கோடையில் ஒரு தலைவர் வேண்டும். தண்ணீர் வற்றிவிடும், யார் எப்போது இறங்குவது என்று முறை வைக்க ஆள் வேண்டுமே. மூன்று வருஷமாக ஓட்டுப் போட்டு மயிலைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். அது வந்து ஆடும், எல்லாரும் வாயைப் பிளப்பார்கள், ஓட்டு விழும். அப்புறம் குளத்துப் பக்கமே வராது.

"இதெல்லாம் ஒரு தலைவரா? நானா இருந்தா குளத்தைக் கலக்குற அந்த எருமையை ஒரே அதட்டுல கரையேத்தியிருப்பேன்" என்று ஆமை தினமும் சொல்லும். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளித்துவிட்டது.

நாலாம் வருஷம், ஓட்டே வேண்டாம், எல்லார் பேரையும் குடத்தில் போட்டு ஒன்றை எடுப்போம் என்று முடிவானது. ஆளுக்கு ஒரு பூவரச இலை. அதில் சேற்றுக்காலைப் பதிக்க வேண்டும். கெண்டைக்குக் கால் இல்லை, வாலால் ஒரு அடி அடித்தது. இலையை எடுக்க மூஞ்சூறு. அதற்குத்தான் கண் சரியாகத் தெரியாது, யாருக்கும் சாதகம் செய்ய முடியாது.

மூஞ்சூறு ஒரு இலையைக் கவ்வி வந்தது. நண்டு அதைப் பார்த்துவிட்டுக் கத்தியது: "ஆமையக்கா!"

ஆமை எருமையைப் பார்த்தது. அதன் தலை இவ்வளவு பெரிசு என்று அன்றுதான் கவனித்தது. சரக்கென்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

நண்டு அதன் முதுகைத் தட்டியது. "அக்கா?"

"ஆமை வீட்டில் இல்லை."

"அப்ப பேசுறது யாரு?"

"வாடகைக்குக் குடியிருக்கிறவ."

அதற்குள் எருமை தண்ணீரில் இறங்கிப் புரண்டது. குளமே சேறாகிவிட்டது. கெண்டை தலையைத் தூக்கிக் கெஞ்சியது: "அக்கா, மூச்சு முட்டுது. என் குஞ்செல்லாம் அடியில கெடக்கு. ஒரு வார்த்தை சொல்லுக்கா!"

ஆமை வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டு இன்னும் உள்ளே ஒடுங்கியது.

கடைசியில் மூஞ்சூறுதான் தட்டுத்தடுமாறிப் போய் எருமையின் மூக்கில் முட்டியது. "யாரா இருந்தாலும் கொஞ்சம் கரையேறுப்பா. உள்ள புள்ளைங்க இருக்கு."

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று எருமை எழுந்து போய்விட்டது.

அவ்வளவுதான் வேலை. உள்ளே இருந்த ஆமைக்கு எல்லாம் கேட்டது.

அன்று முதல்தான், யாராவது கிட்டே வந்தால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயம் என்கிறார்கள். பயமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது. இது வெட்கம்.