வெள்ளை பூத்த பீன்ஸ்

பழனி மலைச் சரிவில் மங்கையம்மாவின் ஆசிரமம் இருந்தது. அவருடைய சீடர் சடையப்பன் குருவைவிடப் பத்து வயது மூத்தவர், பொல்லாத முன்கோபி. ஒரு சண்டையில் தம்பியின் கையை உடைத்துவிட்டு, ஊரில் முகம் காட்ட வெட்கப்பட்டு மலையேறி வந்தவர்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி வந்த அன்று கேட்டார்: "எங்கப்பா கோபம் எனக்கு வந்துச்சும்மா. பேரனுக்கும் வந்துருமா?"

மங்கையம்மா ஒரு பிடி பீன்ஸ் விதையைக் கொடுத்தார். "கலப்பு விதை. ஊதாவும் பூக்கும், வெள்ளையும் பூக்கும். ஊதா மட்டும் பூக்குற பாத்தி ஒண்ணு போட்டுக் காட்டுங்க, சொல்றேன்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார் சடையப்பன். வெள்ளை பூத்த செடியையெல்லாம் பிடுங்கி எறிந்தார். பார்த்தவர்களுக்கு, பீன்ஸோடு ஏதோ பங்காளித் தகராறு என்றுதான் தோன்றியிருக்கும். ஊதாச் செடிகளில் மட்டும் விதையெடுத்து மறுபடி போட்டார். அதிலும் வெள்ளை வந்தது. பிடுங்கினார். அடுத்த போகத்திலும் வந்தது.

இதற்குள் பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். குழந்தையைத் தூக்கவே பயந்து இவர் மலையில் கிடந்தார்.

கடைசியில் ஒரு வெள்ளைப்பூச் செடியை வேர்மண்ணோடு கொண்டுவந்து நின்றார்.

"தோத்துட்டேன்மா. குறைஞ்சிருக்கு, ஆனா போகல."

"இதோட தாய்ச்செடி?"

"ஊதாதான். பார்த்துப் பார்த்துத்தான் விதை எடுத்தேன்."

"அப்ப வெள்ளை எங்க இருந்துச்சு?"

"ஊதாவுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. பூவைப் பார்த்தா தெரியாது. விதைச்சாத்தான் தெரியும்." சொல்லும்போதே அவர் முகம் வாடியது. "அப்ப பேரனுக்கும் வரும்."

"வரலாம். வராமலும் போகலாம்."

"வந்தா?"

"உங்கப்பாவுக்குச் சின்ன வயசுல கோபம் வந்தப்ப வீட்டுல பெரியவங்க என்ன பண்ணாங்க?"

"அவரைப் போட்டு அடிச்சாங்களாம்."

"உங்களுக்கு வந்தப்ப?"

"அதேதான்."

மங்கையம்மா அவர் கையிலிருந்த செடியைப் பார்த்தார். பூ இன்னும் வாடவில்லை.

"இதை எடுத்த இடத்துலயே நட்டு, தண்ணி ஊத்துங்க. வேர் பிடிச்சதும் ஊருக்குப் போங்க. வெள்ளை பூத்தாலும் பிடுங்காத ஆள் ஒருத்தர் அந்த வீட்டுக்கு வேணும்."