முன்கூட்டிச் சொன்ன சாட்சி

“சிஸ்டர், நான் சொன்னது விசுவாசமா, பொய்யா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார் தேவபிச்சை.

ஜெபக்கனி தையல் மிஷினை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துகிறவள் அவள். அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் ஆவிக்குரிய காரியம் எதுவானாலும் அவர் அவளிடம்தான் வருவார்.

“என்னத்தச் சொன்னிய அண்ணாச்சி?”

“ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொன்னேன். என் வீட்டுக்காரிக்குக் கர்த்தர் பேச்சைத் திருப்பிக் குடுத்துட்டார்னு.”

“குடுத்துட்டாரா?”

“இல்ல.”

அவர் மனைவி ஞானசொர்ணத்துக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகிறது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை. கிடைக்கும் முன்பே கிடைத்ததாக அறிக்கையிட வேண்டும் என்று ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் யாரோ பிரசங்கித்தார்கள். மனுஷன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான். சபை முழுக்க அல்லேலூயா போட்டது. இப்போது அவளோடு பேச ஆள்மேல் ஆள் வருகிறது. இவர் கதவைச் சாத்திக்கொண்டு, “தூங்குதா” என்கிறார்.

“எதிர்பார்த்து ஜெபிக்கச் சொல்லுதாவ. எதிர்பார்த்தா ஏமாந்து போறேன். எதிர்பாக்கலன்னா அவிசுவாசம்னு சொல்லுதாவ. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. அவ வாயால ஒரு வார்த்தை, என்னை ஏசினாக்கூடப் போதும் சிஸ்டர்.”

பாவம், அழுதுவிட்டார்.

“ஜெபிச்சு முடிச்சதும் என்ன செய்வீய?”

“ஆமென் சொல்லுவேன். எந்திரிச்சு அடுத்த வேலையைப் பாப்பேன்.”

ஜெபக்கனி மிஷினுக்கு உறை போட்டாள்.

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

ஞானசொர்ணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெபக்கனி அவளுக்கு எதிரே தரையில் அமர்ந்தாள்.

“அக்கா, குடிக்க என்ன வேணும்? டீயா, காப்பியா?”

“டீதான் குடிப்பா,” என்றார் தேவபிச்சை.

“உங்களையா கேட்டேன்?”

தேவபிச்சை முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஏறினவர் ஊர்ப் பேரைச் சொல்லி முடிக்கும் முன்னே டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவார். விடியுமுன் அவள் போட்டுத் தந்த டீயைக் குடித்துவிட்டு டூட்டிக்குப் போவார். அதன்பிறகு அவள் என்ன குடித்தாள் என்று அவர் பார்த்ததில்லை.

“டீயா, காப்பியா அக்கா?”

ஜெபக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். கூவல் அடுத்த தெருவுக்கும் போய்விட்டது.

இது ஜெபமா, வைத்தியமா, விளையாட்டா? தேவபிச்சைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“சிஸ்டர், அவளால...”

ஜெபக்கனி திரும்பாமலே கையை உயர்த்தினாள்.

ஞானசொர்ணத்தின் உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அடங்கிவிட்டது. தேவபிச்சைக்கு ‘டீ’ நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

உதடு மறுபடி துடித்தது.

“கா...”

எச்சில் வழிந்தது. அவள் விடவில்லை.

“...ப்பி.”

தேவபிச்சை சிரித்தாரா, அழுதாரா என்று அவருக்கே தெரியாது.

“பதினோரு மாசமா டீயைக் குடுத்திருக்கேனே, பாவி!”

தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். பாலை அடுப்பில் வைத்தார். சீனி டப்பாவைத் திறந்து வழக்கம்போல இரண்டு ஸ்பூன் போடப் போனார்.

கை அப்படியே நின்றது.

திரும்பி வந்து அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“சொர்ணம், சீனி எவ்வளவு போடட்டும்?”

அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.