சுவரில் வெட்டிய கோல்

தணிகாசலம் தாலுகா சர்வே ஆபீசுக்குத் தலைமை அதிகாரி. கோமளவல்லி டீச்சர், பயிற்சிப் பள்ளியில் அவருக்குச் சங்கிலி பிடித்து நிலம் அளக்கக் கற்றுக்கொடுத்தவர். வயசில் நாலே வருஷம் மூப்பு. எந்த ஃபைலில் குழப்பம் வந்தாலும் தணிகாசலம் டீச்சர் வீட்டுக்குத்தான் வருவார். அன்றைக்கும் வந்தார். வராமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

“ரெண்டு ஃபைல் டீச்சர்” என்றார். “நில வரைபடத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒரு கம்பெனி புரோகிராம் கொடுத்திருக்கான். பாதி ஊரு ஏத்தியாச்சு. மீதிக்கும் அவனுக்கே கையெழுத்து போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள காலேஜ்காரங்க சேர்ந்து ஒண்ணு எழுதிக் கொண்டுவந்துட்டாங்க. அது உள்ளே எப்படிக் கணக்குப் போடுதுன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாமாம். அப்படி எல்லாருக்கும் திறந்து கிடக்கிறதை ஒரு அரசாங்க ஆபீஸ் நம்பலாமா?”

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

“ஆபீசுக்குப் போனேன். சார் இங்க வந்திருக்கார்னு சொன்னாங்க” என்றாள்.

அவள் பெயர் பூவாயி. அப்பன் கொடுத்த நாற்பத்திரண்டு சென்ட் நிலத்தில் கத்தரியும் மிளகாயும் போட்டு ரெண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு அந்த நிலம் முப்பத்தாறு சென்ட் ஆகிவிட்டது. குறைந்த ஆறு சென்ட் தன்னுடையது என்று பக்கத்து நிலத்து வையாபுரி சுவர் வைக்க அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டார். பூவாயியின் கிணறு அந்த ஆறு சென்ட்டில்தான் இருக்கிறது.

“திங்கக்கிழமை கல்லு அடுக்கப் போறாங்களாம் சார். தண்ணியில்லாம நான் என்னத்தைப் பயிர் வைக்க?”

“அது மெஷின் கணக்கும்மா. மெஷின் பொய் சொல்லாது.”

“எப்படி முப்பத்தாறு வந்துச்சு?” டீச்சர் குறுக்கே கேட்டார்.

“புரோகிராம் போட்டுது டீச்சர்.”

“எந்த வழியில போட்டுது?”

“அது கம்பெனி ரகசியம். நமக்கே காட்டமாட்டான்.”

“வரைபடத்தையாவது இந்தம்மாகிட்ட கொடுத்தியா? வெளியில ஒரு சர்வேயர்கிட்ட காட்டியிருப்பாளே.”

“பென் டிரைவ்ல கொடுத்தாங்க” என்றாள் பூவாயி. “மூணு கடையில போட்டுப் பாத்தாச்சு. திறக்கவே மாட்டேங்குது.”

“அவன் புரோகிராம்லதான் திறக்கும்” என்று தணிகாசலம் முனகினார்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. சிவக்காமல் என்ன செய்யும்? ஒருத்தியின் கிணற்றைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, பிடுங்கிய விதம் ரகசியம் என்று ஒரு அதிகாரி கூசாமல் சொல்கிறார்!

“ஊர் நிலத்தை அளந்து எவன் பெட்டிக்குள்ளேயோ வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கே. உன் அப்பன் வீட்டு நிலமா அது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்சியாக்கும்! எழுந்திரு.”

தெருக்கோடியில் சிவன் கோயில். டீச்சர் இருவரையும் அதன் தெற்குச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். கருங்கல்லில் நீளமாய் ஒரு கோடு. இரண்டு முனையிலும் கூட்டல் குறி போல் வெட்டியிருந்தது.

“என்ன இது?”

“அளவுகோல். நீங்கதானே டீச்சர் காட்டினீங்க. அந்தக் காலத்துல இந்த நீளத்துக்குக் கோல் நறுக்கித்தான் இந்த ஊர் நிலத்தையெல்லாம் அளந்திருக்காங்க.”

“திறந்து கிடந்தா உனக்குப் பயமாச்சே. அந்தக் கல்லை எடு. குறியை ஒரு விரக்கடை தள்ளிச் செதுக்கு.”

“டீச்சர்...”

“செதுக்குய்யா!”

தணிகாசலம் பயந்துபோய்க் கல்லை எடுத்தார். சுவரில் வைத்து ஒரு தட்டுதான் தட்டியிருப்பார். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“யோவ், சாமி சுவத்துல என்னய்யா பண்றே?”

தேங்காய்க் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். தணிகாசலம் கல்லைக் கீழே போட்டார்.

“ஏன் போட்டே?”

“எல்லாரும் பாக்கறாங்க டீச்சர்.”

டீச்சர் விறுவிறுவென்று பூவாயியின் நிலத்துக்கு நடந்தார். பின்னாலேயே ஊரில் பத்துப் பேர் வந்தார்கள்.

பழைய சர்வே கற்கள் நாலும் நட்ட இடத்திலேயே இருந்தன. டீச்சர் வையாபுரியைக் கூப்பிட்டு தணிகாசலத்தின் பையிலிருந்த அளவு டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். மறுமுனையைப் பூவாயி பிடித்தாள். நாலு பக்கமும் அளந்தார்கள், குறுக்கேயும் அளந்தார்கள். தணிகாசலம் ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லவேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. வையாபுரி தன் போனில் தானே கணக்குப் போட்டுப் பார்த்தார். திருப்தி இல்லாமல் இன்னொரு தடவையும் போட்டார்.

நாற்பத்தொன்றரை சென்ட் வந்தது.

“அரை சென்ட் குறையுதே பூவாயி” என்றார் டீச்சர்.

“குறையட்டும் டீச்சரம்மா. என் கண்ணு முன்னால அளந்தீங்க. ஒத்துக்கறேன்.”

வையாபுரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. “ஆபீஸ் பேப்பரை நம்பித்தானே தோண்டினேன்” என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துப் பள்ளத்தை மூட ஆரம்பித்தார்.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பு தெரிஞ்சுபோச்சு டீச்சர். நாளைக்கே இந்தம்மா வரைபடத்தைத் திருத்திடறேன். விஷயம் முடிஞ்சுது.”

“இவ வந்து கத்தினதால தெரிஞ்சுது” என்றார் டீச்சர். “இதே மாதிரி பேப்பரை வாங்கிக்கிட்டு, கத்தாம வீட்டுக்குப் போனவங்க எத்தனை பேருடா?”