பல்லிக்குக் கிடைத்த சொல்

அந்தக் காலத்தில் விலங்கு, பறவை எல்லாமே பேசும். ஆனால் அவை கிளப்பும் சத்தத்துக்கு ஒரே பெயர்தான்: சத்தம். தினைக்காட்டுக்குக் காவல் இருந்த செம்பாயிக்கு இது பெரிய தொல்லை. பரண் மேலிருந்து அவள் புருஷன் காளியன், "சத்தம் கேக்குது புள்ளே!" என்பான். தீப்பந்தத்தோடு ஓடினால் தவளை. தவளைதானே என்று சும்மா இருந்தால் யானை. பாதித் தினை போயே போச்சு.

"போதும்டா சாமி! எல்லாரும் வாங்க, ஆளுக்கொரு சொல்லு தர்றேன்," என்று குடிசைக்குக் கூப்பிட்டாள். யானைக்குப் பிளிறல், குதிரைக்குக் கனைப்பு, நாய்க்குக் குரைப்பு, மயிலுக்கு அகவல் என்று கொடுத்துக்கொண்டே வந்தாள். கழுதை வாயைத் திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "கத்தல்! போ அந்தப் பக்கம்!" என்றாள்.

கடைசியாகச் சுவரிலிருந்து பல்லி, "ச்சு ச்சு" என்றது.

"இதெல்லாம் ஒரு சத்தமா? இதுக்கு எதுக்குத் தனியா ஒரு சொல்லு?"

கழுதை விழுந்து விழுந்து சிரித்தது. "யக்கா, அதுக்குப் பல்லுல என்னமோ மாட்டிக்கிச்சு!"

பல்லிக்கு மானமே போய்விட்டது. சொல் இல்லாததைப் பற்றி யார் பேசுவார்கள்? இருக்கிறதா செத்ததா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. பசி வேறு. நல்லவேளையாக ஒரு கொழுத்த விட்டில் வாயில் சிக்கியது.

கீழே செம்பாயி தரையில் உட்கார்ந்து, பார்க்காமலே தினைக்கூடைக்குள் கையை விடப்போனாள். உள்ளே கருந்தேள். மேலிருந்த பல்லிக்கு மட்டும்தான் அது தெரிந்தது. வாயைத் திறந்தால் சாப்பாடு போய்விடும். 'இவளுக்காகவா?' என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தது. பிறகு திறந்துவிட்டது. பதற்றத்தில் பேச்சு வரவில்லை.

"ச்சு! ச்சு! ச்சு!"

விட்டில் பறந்தது. செம்பாயியின் கை அப்படியே நின்றது. பல்லியைப் பார்த்தாள், அது முறைத்த கூடையைப் பார்த்தாள். தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பயத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 'கேட்டுச்சு' என்று பல்லிக்குக் காட்ட, விரலால் தரையைத் தட்டினாள்.

காளியன் ஓடி வந்தான். "என்ன புள்ளே, பல்லி கத்துச்சா?"

"கத்துறதுக்கு அது என்ன கழுதையா?" என்றாள் மூச்சு வாங்க. "பல்லி சொல்லுச்சுய்யா."

வாசலில் நின்ற கழுதைக்கு முகம் தொங்கிப்போனது.

அன்று முதல்தான் மற்றவை பிளிறவும் கனைக்கவும் கத்தவும், பல்லி மட்டும் சொல்கிறது. அது சொல்லிவிட்டால் நம் ஆட்கள் எவ்வளவு பெரிய பேச்சையும் பாதியில் நிறுத்திவிட்டு, விரலால் தரையைத் தட்டுகிறார்கள்.